சேலை சுத்தின மான்

கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா. தப்பா நினைச்சுக்கிடாதீங்க, வேற சீட்டு இல்ல பாத்துக்கிடுங்க. பின்னால பூரா காலேஜ் பயலுவ, போன்ல பாட்டப் போட்டுட்டு ஆடிக்கிட்டு வாரானுவ. நீங்க சன்னலோரமே இருங்க, காத்து வரட்டும். நான் இந்த ஓரத்துல இருந்துக்கிடுதேன். எதுவரைக்கும் போறீங்க? அட, கடைசி ஸ்டாப்பா. நான் அதுக்கு முந்தி புளியடி விலக்குல, ரோடு பிரியுற இடத்துல, இறங்கிருவேன்.

இந்தப் பையா? இதுல ஒண்ணுமில்லக்கா, ஒரு சேலைதான். எம் பொண்டாட்டியோட கல்யாணப் பட்டு. அவ அக்கா வீட்டுல போய் உக்காந்திருக்கா, கூட்டிட்டு வரத்தான் போறேன். பங்குனி உத்திரம் முடிஞ்ச மறுநாள் போனவ. என்ன சண்டைன்னு கேக்கீங்களா? சொன்னாச் சிரிப்பீங்க. ஒரு மானுக்காகப் போயிட்டா. ஆமாக்கா, மான்தான். காட்டுல மேயுமே, புள்ளிமான், அதேதான். எந்தக் கோட்டிக்காரியாவது மானுக்காகப் புருஷன விட்டுட்டுப் போவாளா? பேரா? உலகம்மா. நான் உலகுன்னுதான் கூப்பிடுவேன். நல்லவதான். நான் சத்தம் போட்டா எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டா. இப்ப இந்த அக்காகாரி இருக்காளே, அந்த மூதி, அவதான் ஏத்திவிடுதா.

நான் நடந்தத நடந்தபடிச் சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. ஒளிவு மறைவு எனக்குப் பிடிக்காது. மனசுல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டேன், அதான் என்கிட்ட உள்ள கெட்ட குணம்.

எங்க குலசாமி சாஸ்தா மலைக்காட்டுக்குள்ள இருக்காரு. வருஷம் பூரா ஃபாரஸ்ட் கேட்டு பூட்டித்தான் கிடக்கும். உத்திரத்துக்கு மட்டும் ஃபாரஸ்ட்காரங்க தொறந்து விடுவாங்க. வேன் வேனாச் சனம் போகும். பொங்கல் வைப்பாங்க, பக்கத்துல இருக்க மாடசாமிக்குக் கிடா வெட்டுவாங்க, விடிஞ்சதுல இருந்து வேட்டு போட்டுக்கிட்டே இருப்பாங்க. பொட்டு வெடி இல்லக்கா. இரும்புக் குழாயில மருந்த இடிச்சு இறுக்கிப் போடுற வேட்டு. மலை அதிரும். அந்தச் சத்தத்துக்குள்ள ஒரு துப்பாக்கிச் சத்தம் எவன் காதுல விழும்? எங்க ஐயா காலத்துல இருந்து இதான் மொறை. சாமிக்கு வேட்டு, எங்களுக்கு மான்.

ஷ்ஷ், மெதுவாப் பேசுவோம். முன்னால இருக்கவன் திரும்பிப் பாக்கான்.

அன்னைக்கும் அப்படித்தான். உலகு கோயில்ல பொங்கல் பானைக்கு அடுப்பு மூட்டிக்கிட்டு இருக்கா. ஓடையில குளிச்சிட்டு இந்தப் பட்டக் கட்டிக்கிட்டுச் சாமி கும்பிட்டா, பொறவு புகை படுமேன்னு மாத்திட்டு நூல் சேலை கட்டிக்கிட்டா. நானும் மாடக்கண்ணும் மெல்ல நழுவி ஓடைக்கு அந்தப் பக்கம் போயிட்டோம். மாடக்கண்ணு என் கூட்டாளி, வேன் அவனோடதுதான். துப்பாக்கி அங்கயே ஒரு பாறை இடுக்குல எப்பவும் இருக்கும்.

மானைத் தேடி அலையவே வேண்டாம்க்கா. அதுக்கு ஒரு வித்தை இருக்கு. ஒரு இலையப் பறிச்சு உதட்டுல வச்சு, குட்டி கத்துத மாதிரி ஊதணும். 'ம்ஈ, ம்ஈ'ன்னு, தாயக் காணாத குட்டி எப்படி அழும், அப்படி. நான் ஊதினா மாடக்கண்ணுக்கே வித்தியாசம் தெரியாது. எங்க ஐயா சொல்லித் தந்தது. அந்தச் சத்தம் கேட்டா பெட்டை எங்க நின்னாலும் தன்னால வெளிய வரும். மனுச வாடை அடிச்சாக்கூட வரும்னா பாத்துக்கிடுங்க. நாம மரத்துக்குப் பின்னால சத்தம் காட்டாம நிக்கணும், அவ்வளவுதான் வேலை.

வந்துச்சு. நல்ல வளத்தி. காத விரிச்சுக்கிட்டு அப்படி இப்படி பாக்குது. குட்டி எங்கன்னு தேடுது. முத வேட்டு சத்தத்துக்குக் குறி பாக்கணும், அடுத்த வேட்டு போடும்போது சுடணும். முத வேட்டு போட்டாச்சு. அடுத்தது வரல. வேட்டுக்காரன் என்ன எழவப் பண்ணுனானோ, மருந்து நமுத்துட்டோ, சத்தத்தையே காணோம். எனக்குக் கை வலிக்கி. மான் தலையத் திருப்புது. அந்நேரம் பாத்து 'டமார்'னு போடுதான். நானும் இழுத்துட்டேன். வேற என்ன செய்ய? விட்டா அடுத்த வேட்டுக்கு அது நிக்குமா?

அப்படியே சுருண்டு விழுந்துட்டு. காதுக்குப் பக்கத்துல உரசிக்கிட்டுப் போயிருக்கு குண்டு. லேசா ரத்தம், வேற ஒண்ணுமில்ல. மாடக்கண்ணு காலால ஒரு எத்து எத்திப் பாத்துட்டு, "முடிஞ்சிட்டுவே"ன்னான். சாதாரணமா விழுந்த உடனே கழுத்த அறுத்து ரத்தத்த வடியவிடணும். அதான் மொறை. ஆனா வேன்ல சீட்டுல வச்சுக் கொண்டு வரணும்லா. ரத்தம் ஒழுகினா கேட்டுல மாட்டிக்கிடுவோம். அதனால அறுக்கல. அவன் பேச்சக் கேட்டதுதான் வினை.

கொண்டு வாரது எப்படின்னு கேக்கீங்களா? இதத்தான் யாரும் யோசிக்க மாட்டான். போன தடவ அரிசி மூட்டைக்கு நடுவுல வச்சுக் கொண்டு போனவன் மாட்டிக்கிட்டான். சாக்குன்னா குத்திப் பாப்பாங்க. மனுசனக் குத்திப் பாப்பாங்களா? காலு நாலையும் மடக்கி, துண்டால இறுக்கிக் கட்டி, சேலையச் சுத்தி, தலையில முக்காடு போட்டு, பின் சீட்டுல படுக்க வச்சா முடிஞ்சு போச்சு. பாக்கவனுக்கு அது பெத்த தாயி, சீக்காளி அம்மை. கூட ஒரு பொம்பளை உக்காந்து மடியில தலைய வச்சுக்கிட்டா எவனும் கிட்ட வர மாட்டான்.

அதுக்குத்தான் மானைத் தூக்கிட்டு வந்து மறைவா நின்ன வேன்ல போட்டுட்டு உலகுவக் கூப்பிட்டேன். பையில இருந்த பட்ட எடுத்தேன். அவ குடுக்க மாட்டேங்கா. "அது கல்யாணச் சேலைங்க, இத எடுக்காதீங்க"ன்னு பிடிச்சுக்கிட்டு நிக்கா. "கட்டியிருக்கத அவுத்துத் தாரியாட்டி?"ன்னேன். எனக்கு வந்த கோவத்துக்கு வேற ஒருத்தனா இருந்தா அங்கயே நாலு சாத்து சாத்தியிருப்பான். நான் அவ மணிக்கட்ட லேசாத்தான் பிடிச்சேன். விட்டுட்டா. கையில அஞ்சு விரலும் பதிஞ்சிருக்குன்னு அவ அக்கா பொறவு சொல்லுதா. அவளுக்கு வெளுத்த தோலு, தொட்டாலே செவக்கும்.

சேலையச் சுத்தி முடிச்சப்ப, அப்படியே எங்க அம்மை மாதிரியே இருந்துச்சு. மாடக்கண்ணு சிரிச்சு உருளுதான். உலகு மட்டும் சிரிக்கல. "மூச்சு இருக்க மாதிரி இருக்குங்க"ன்னா. "மூடிக்கிட்டு உக்காருட்டி"ன்னு ஏத்திவிட்டேன். அவ அப்பவே சொன்னாளாம்னு இப்ப அக்காகாரி பேசுதா. சொன்னா என்ன? பொம்பளை ஆயிரம் சொல்லுவா, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா?

கேட்டுல வரிசையா வண்டி நிக்கி. எங்க முறை வந்துச்சு. வாட்சர் ஒரு வயசான ஆளு, சன்னல் வழியா எட்டிப் பாக்காரு. "யாரும்மா, என்ன செய்யுது?"ன்னாரு. உலகு சொல்லணும். 'மாமியா, மயக்கம்'னு சொல்லச் சொல்லி எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொல்லிக் குடுத்திருக்கேன்! வாயத் தொறக்கல. நான்தான் சொன்னேன், "எங்க அம்மைங்கய்யா, கூட்டத்துல மயங்கிட்டா"ன்னு. நல்ல மனுசன், "அடப்பாவமே, தண்ணி குடுத்தீங்களா"ன்னு தன் பாட்டில எடுத்து நீட்டுதாரு.

அப்பத்தான்க்கா. அவ மடியில தலை அசையுது.

முக்காடு விலகிட்டு. கண்ணு முழிச்சிருக்கு. பெரிய கண்ணு. நேரா உலகு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கு. அடுத்த நொடி ஒரு உதறு உதறிச்சு பாருங்க, வேனே ஆடிட்டு. நான் முன் சீட்டுல இருந்து பாய்ஞ்சு அது மேல விழுந்து படுத்துட்டேன். ஒரு கையால முக்காட்ட இழுத்து மூஞ்சிய மூடி, மூக்கையும் வாயையும் சேத்து அமுக்குதேன். முழங்காலு அது நெஞ்சுல. வாட்சருக்கு என்ன தெரியும், சேலைக்குள்ள ஒரு உடம்பு துடிக்கிதுதான் தெரியும். "ஐயா, வலிப்பு! அம்மைக்கு வலிப்பு வந்துட்டு!"ன்னு கத்துனேன். எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல, வாயில சடார்னு வந்துச்சு. அப்ப மட்டும் என் புத்திய மெச்சணும்க்கா.

அந்த மனுசன் பதறிட்டாரு. "இரும்பு! கையில இரும்பக் குடுங்க!"ன்னு இடுப்புல தொங்கின சாவிக்கொத்த உருவி சன்னலுக்குள்ள நீட்டுதாரு. கேட்டுச் சாவி, ஆபீஸ் சாவி, எல்லாம் அதுல இருக்கு. "கைய விரிச்சு உள்ள வைம்மா, கை எங்க, கையக் காட்டு"ங்காரு. அந்தக் கைய எங்க போய்க் காட்ட? குளம்புல்லா இருக்கு! உலகு அந்தச் சாவிய வாங்கி, சேலைக்குள்ள கைய விட்டு, தானே பிடிச்சுக்கிட்டா. "அமுக்காதீங்கப்பா, மூச்சு முட்டும், லேசாப் பிடிங்க"ன்னு எனக்கு வேற சொல்லுதாரு வாட்சர். "லேசாத்தான்யா பிடிச்சிருக்கேன்"னேன். கீழ மூக்குல இருந்து சூடா மூச்சு என் உள்ளங்கையில முட்டுது. விட்டாக் கத்திரும். நான் அமுக்குதேன், அது முட்டுது. மாடக்கண்ணு ஆரன அடிக்கான். பூட்டாமச் சாத்தியிருந்த கேட்ட வாட்சரே தொறந்து விட்டு, "வழி விடுங்க, வழி விடுங்க, அம்மா பொழச்சுக்கிடும்"னு ஓடி வந்து வழி பண்ணித் தாராரு பாவம்.

கேட்டத் தாண்டி வளைவு திரும்பல, துண்டு அவுந்துட்டு. பின்னங்காலு ரெண்டும் வெளிய. அடேயப்பா, மான்னா சாதுங்கீங்களே, உதை வாங்கிப் பாக்கணும். சன்னல் கண்ணாடி தெறிச்சுட்டு. மாடக்கண்ணு முதுகுல ஒரு உதை, வண்டி பள்ளத்துக்கு ஓடப் பாக்குது. என் தோளக் கிழிச்சுட்டு, இந்தா தழும்பு பாருங்க. எனக்கு வந்துச்சு வெறி. எங்க அம்மை மாதிரி சேலையச் சுத்தி, பூ மாதிரிக் கொண்டு வாரேன், என்னையவே உதைக்கியா நீ? சீட்டுக்கு அடியில ஜாக்கிக் கம்பி கிடந்துச்சு. எடுத்தேன். தலையில போட்டேன். போட்டேன், போட்டேன், போட்டுக்கிட்டே இருந்தேன். சேலைக்குள்ள எது தலை எது கழுத்துன்னு எவன் கண்டான். அமந்து போற வரைக்கும் போட்டேன். அமந்த பொறவும் போட்டேன்னு மாடக்கண்ணு சொல்லுதான், எனக்கு ஞாபகமில்ல. வேன் பூரா ரத்தம், கூரையில ரத்தம்.

அதுல ரெண்டு அடி உலகு மேல விழுந்திருக்கும். அவ மடியிலதான கிடந்துச்சு, நெருக்கத்துல அடி படத்தான செய்யும்? அவதான் வெலகியிருக்கணும். வலது கை எலும்பு விட்டுப் போச்சு. கேளுங்க, கை ஒடிஞ்சிருக்கு, சத்தமே போடல. அவ எப்பவும் சத்தம் போட மாட்டா, பழகிட்டு. மான் விழுந்தது எனக்குத் தெரியும், அவ கை ஒடிஞ்சது வீட்டுல போய் இறங்கும்போதுதான் தெரியும். ஆஸ்பத்திரியில கோயில் படியில வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னேன். நர்ஸு அவளப் பாத்துக் கேக்கா, "உண்மையா?"ன்னு. ஆமான்னு தலையாட்டினா. நான் என்ன, பக்கத்துல நின்னு மிரட்டவா செஞ்சேன்? சும்மாதான் நின்னேன்.

கட்டுப் போட்டு வந்து அன்னைக்கே மானை உரிச்சோம். சுட்டவனுக்கு ஈரல், அது மொறை. அந்த ஈரல அவ கையாலதான் வறுத்துத் தரணும், அதும் மொறை. இடது கையால கிண்டுதா. உப்பு கூடிட்டு. நான் ஒரு வார்த்த சொல்லணுமே! தட்ட மட்டும்தான் தள்ளி விட்டேன்.

அப்ப பேசினாக்கா. இத்தன வருஷத்துல அன்னைக்குத்தான் நின்னு என் மூஞ்சியப் பாத்துப் பேசினா. "அந்த மானுக்கு இருந்த ரோஷம்கூட எனக்கு இல்லாமப் போச்சே"ன்னா. நான் சிரிச்சுட்டேன். மானுக்கு என்னக்கா ரோஷம்? அது உசுருக்குப் பயந்து உதைக்கி. விடிஞ்சு பாத்தா ஆளக் காணோம். கட்டின துணியோட போயிருக்கா. போனவ சும்மா போகல, அந்தச் சாவிக்கொத்த எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

நீங்க நல்லாக் கேக்கீங்க, அதான் சொல்லுதேன். வீட்டுல எங்கிட்ட இப்படி யாரும் கேக்குறதில்ல. ஆமா, அதே சாவிதான். அவசரத்துல வாட்சர்கிட்டத் திருப்பிக் குடுக்கல, அவ கையிலயே இருந்துட்டு. இப்ப அக்காகாரி நேத்து போன்ல சொல்லுதா, நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் போய் வாட்சரப் பாத்து, சாவியக் குடுத்து, சேலைக்குள்ள இருந்தது மாமியா இல்லன்னு சொல்லப்போறாங்களாம். கை எப்படி ஒடிஞ்சுதுன்னும் சொல்லப்போறாங்களாம். மான் கேஸுன்னா என்னன்னு தெரியும்லா? உள்ள போனா லேசுல வெளிய வர முடியாது. புருஷன உள்ள தள்ளிட்டு இவ என்ன செய்யப் போறா? அதான் இன்னைக்கே போறேன். இன்னைக்கு விட்டா முடியாது.

இதா, சேலையத் துவைச்சுத் தேய்ச்சுக் கொண்டு வாரேன். கரைப் பக்கம் கொஞ்சம் கறை நிக்கி, மடிச்சுக் கட்டினா தெரியாது. இதுக்கு மேல ஒரு புருஷன் எறங்கி வரணுமா?

விலக்குல இருந்து உள்ள போனா மூணாவது வீடுக்கா, பச்சைக் கதவு. தூரமில்ல, நடந்துரலாம். ஆனா நான் தட்டினா தொறக்க மாட்டாளுவ. போன வாரம் தட்டித் தட்டிக் கை வீங்கினதுதான் மிச்சம். அதான், அக்கா, உங்ககிட்ட ஒரு உதவி. மறுக்கப்படாது. அடுத்த பஸ்ஸு உடனே வரும், நானே உங்கள ஏத்தி விடுதேன். அவ அக்கா பீடி சுத்துதவ. நாள் பூரா அந்த வீட்டுக்கு இலை கேட்டு, தூள் கேட்டுப் பொம்பளைங்க வந்துக்கிட்டேதான் இருப்பாங்க. நீங்க கதவத் தட்டி, "யக்கா, ஒரு கட்டு இலை இருக்குமா, சாயந்திரம் தந்துருதேன்"னு ஒரு சத்தம் குடுங்க. உங்களுக்கு நல்ல குரலு. பொம்பளைக் குரல் கேட்டாத் தன்னால தொறப்பா. நான் சுவரோரமாச் சத்தம் காட்டாம நின்னுக்கிடுதேன். கதவு தொறந்தாப் போதும், பொறவு நான் பாத்துக்கிடுவேன்.

என்னக்கா அப்படிப் பாக்கீங்க? நான் அவள என்ன செஞ்சிரப் போறேன்? எம் பொண்டாட்டி.

யாருக்குப் போன் போடுதீங்க? பொறவு பேசலாம்க்கா. பேரு ஊரெல்லாம் எதுக்குப் போலீஸ்கிட்டச் சொல்லுதீங்க? பச்சைக் கதவு எதுக்குச் சொல்லுதீங்க? வைங்க. வைங்கங்கேன்ல. குடுங்க இங்க.

எந்திரிக்காதீங்க. எங்க போறீங்க, உங்களுக்குக் கடைசி ஸ்டாப்புல்லா? உக்காருங்க. உக்காருக்கா. ஏய், உக்காருட்டி!

என்னத்துக்குக் கத்துதீங்க? ஊரையே கூட்டுதீங்க. இல்ல தம்பி, ஒண்ணுமில்ல, நீங்க போய் உக்காருங்க. அக்காவுக்கு லேசா மயக்கம். நம்ம அக்காதான். கூட்டம்லா, வேர்த்துட்டு. ஏய், தள்ளுடா, கையத் தொடாத. கண்டக்டர், எதுக்கு விசில் அடிக்கீங்க? இங்க ஸ்டாப் கிடையாதே. எதுக்கு எல்லாரும் எந்திரிச்சு வாரீங்க? அக்கா, நீங்களே இவங்ககிட்டச் சொல்லுங்க. லேசாத்தான பிடிச்சிருக்கேன்.